வடசந்தும் தென்சந்தும்: மவுண்ட் வெர்னனின் துணைக் கட்டிடங்கள்

வாஷிங்டன் நகரத்துக்கு ஏறத்தாழ 15 மைல் தெற்கே, பொட்டோமாக் ஆற்றங்கரையில் இருக்கும் மவுண்ட் வெர்னனுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஜார்ஜ் வாஷிங்டனின் மாளிகையைப் பார்ப்பதற்காகவே போகிறார்கள். குறித்த நேரத்துக்கான சீட்டோடு வரிசையில் நின்று, உள்ளே நுழைந்து, கயிறு கட்டிய அறைகளைக் கடந்து, ஆற்றைப் பார்த்த தாழ்வாரத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நாங்கள் வட வர்ஜீனியாவில் குடியிருப்பதால், ஊரிலிருந்து உறவினர்கள் வரும்போதெல்லாம் இந்த வரிசையில் எனக்கும் ஓர் இடம் உண்டு. ஆனால் அவர்கள் மாளிகைக்குள் இருக்கும் நேரத்தில் நான் வெளியே தங்கிவிடுகிறேன். அந்தப் பண்ணையின் வரலாறும், அதைப் பாதுகாத்தவர்களின் வரலாறும் மாளிகைக்குள் இருப்பதைவிட அதன் இரு பக்கமும் நீளும் சந்துகளில்தான் தெளிவாகத் தெரிகின்றன என்பது என் எண்ணம்.

மாளிகையின் மேற்கு வாசலுக்கு முன்னே ஒரு வட்டமான புல்வெளி இருக்கிறது. அதன் இரு பக்கமும் வளைந்து செல்லும் திறந்த நடைபாதைகள், தென்புறத்தில் சமையற்கூடத்தையும் வடபுறத்தில் பணியாளர் கூடத்தையும் மாளிகையோடு இணைக்கின்றன. அங்கிருந்து இரண்டு சந்துகள் பிரிகின்றன. தென்சந்தில் கணக்கர் தங்கிய பண்டகசாலை, இறைச்சிக்குப் புகையூட்டும் கூடம், சலவைக்கூடம், வண்டிக்கொட்டகை, குதிரை லாயம் ஆகியவை வரிசையாக நிற்கின்றன. வடசந்தில் தோட்டக்காரர் வீடு, உப்பறை, நூற்புக்கூடம், கண்காணியின் குடியிருப்பு, இவற்றுக்கு அப்பால் மேல்தோட்டத்தை ஒட்டிக் கண்ணாடி சன்னல்கள் வைத்த செங்கல் செடிவீடு. சமையற்கூடம் 1775-ஐ ஒட்டியும், செங்கல் லாயம் 1782-லும், செடிவீடு 1787-லும் கட்டப்பட்டவை. அமெரிக்க விடுதலைப் போர் நடந்த ஆண்டுகளில் வீட்டைவிட்டு விலகியிருந்தபோதும் வாஷிங்டன் கட்டிட வேலைகளைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். வருகிறவர் கண்ணுக்கு எது முதலில் பட வேண்டும், எது புதர்களுக்கும் சுவர்களுக்கும் பின்னால் மறைய வேண்டும் என்பதை அவர் கணக்குப் போட்டே அமைத்தார்.

சமையற்கூடம் தனிக் கட்டிடமாக நின்றதற்குக் காரணம் எளிது. திறந்த அடுப்பில் நாள் முழுவதும் எரிகிற நெருப்பு மரத்தாலான மாளிகைக்கு ஆபத்தாக இருந்தது. அதன் சூடும் புகையும் வாசமும் வரவேற்பறைக்குள் வருவதை யாரும் விரும்பவில்லை. அங்கே தலைமைச் சமையற்காரராக இருந்த ஹெர்குலிஸ் போசி, வாஷிங்டன் அதிபராக இருந்த காலத்தில் பிலடெல்பியாவுக்கும் அழைத்துச் செல்லப்பட்டு, அங்கே நகரமே பேசும் அளவுக்குப் பெயர் எடுத்தவர். 1797 பிப்ரவரி 22 அன்று, தம் எசமானரின் அறுபத்தைந்தாம் பிறந்த நாளில், அவர் மவுண்ட் வெர்னனிலிருந்து தப்பிப் போனார். பிறகு பிடிபடவே இல்லை. சமையற்கூடத்தின் பெரிய அடுப்பைப் பார்க்கிறவர்களுக்கு இன்று அவர் பெயர் சொல்லப்படுகிறது. அதே அடுப்பை மிகப் பல ஆண்டுகள், பழங்காலச் செப்புப் பாத்திரங்களின் அழகுக்காக மட்டுமே மக்கள் பார்த்துப் போனார்கள்.

வாஷிங்டன் 1799 டிசம்பரில் இறந்தார். அந்த ஆண்டில் ஏறத்தாழ 8,000 ஏக்கரில், ஐந்து பண்ணைகளாகப் பிரிந்திருந்த அந்த நிலத்தில் 317 பேர் அடிமைகளாக இருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 90 பேர் மாளிகைப் பண்ணையில் வாழ்ந்தார்கள். அதாவது இந்தச் சந்துகளில் நிற்கும் ஒவ்வொரு கட்டிடமும் ஒருவரின் வேலையிடமாக இருந்தது. பலவற்றில் மேல்மாடமோ பின்னறையோ அவரின் படுக்குமிடமாகவும் இருந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான், எது காப்பாற்றப்பட்டது, எது விடப்பட்டது, எது திரும்பக் கட்டப்பட்டது என்ற கேள்விகளுக்குப் பொருள் இருக்கும்.

அரை நூற்றாண்டு கடந்தபோது பண்ணை நொடித்துப்போயிருந்தது. வாஷிங்டனின் தம்பியின் கொள்ளுப்பேரரான ஜான் அகஸ்டின் வாஷிங்டனால் அதைக் கட்டிக்காக்க முடியவில்லை. வாங்கிக்கொள்ளும்படி கேட்டபோது கூட்டாட்சி அரசும் வர்ஜீனியா மாநிலமும் முன்வரவில்லை. 1853-இல் தென் கரோலினாவைச் சேர்ந்த லூயிசா கன்னிங்ஹாம் நீராவிப் படகில் அந்த வழியாகச் சென்றபோது, வண்ணம் உரிந்து பாழடைந்து நின்ற வீட்டைக் கண்டு தம் மகள் ஆன் பமேலாவுக்குக் கடிதம் எழுதினார். மகள் தொடங்கிய மவுண்ட் வெர்னன் மகளிர் சங்கம், நாடெங்கும் நன்கொடை திரட்டி, 1858-இல் 2 லட்சம் டாலருக்கு மாளிகையையும் அதைச் சூழ்ந்த 200 ஏக்கரையும் விலைபேசி, 1860 பிப்ரவரி 22 அன்று பொறுப்பேற்றது. ஆற்றைப் பார்த்த தாழ்வாரத்தின் தூண்கள் விழுந்துவிட்டதால், கப்பலின் பாய்மரத் தண்டுகளை முட்டுக்கொடுத்து மேற்கூரையை நிறுத்தியிருந்த நிலை அந்தக் கால ஒளிப்படங்களில் இருக்கிறது.

மாளிகைக்கே இந்தக் கதி என்றால், சந்துகளில் நின்ற மரக் கட்டிடங்கள் எப்படித் தப்பின என்று கேட்கத் தோன்றும். அவை வரலாற்றுச் சின்னம் என்று யாரும் அப்போது நினைக்கவில்லை. அவை பயன்பட்டுக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். கூரை ஒழுகினால் உள்ளே இருக்கும் இறைச்சியோ குதிரைத் தீவனமோ நனைந்து கெடும் என்பதால் கூரை மாற்றப்பட்டது. குடியிருந்தவர் குளிரில் நடுங்கியதால் பலகை இடுக்குகள் அடைக்கப்பட்டன. பழங்கட்டிடப் பாதுகாப்பு என்று ஒரு துறை பிறப்பதற்கு முன்பே, அன்றாட வேலைதான் இந்தக் கட்டிடங்களைக் காத்திருக்கிறது. வேலை நின்றுபோனவை முதலில் போயின. வண்டிக்கொட்டகை மறைந்து, பின்னர் புதிதாக எழுப்பப்பட்டது. கொல்லுலை இருந்த இடத்தில் வெறும் தரைதான் மிஞ்சியது. இன்று அங்கே நிற்பது 2009-இல் கட்டிய கொல்லுலை.

உள்நாட்டுப் போருக்குப் பிறகும் சங்கத்தின் சம்பளப் பட்டியலில் இருந்தவர்களில் பலர், அதே பண்ணையில் அடிமைகளாக வாழ்ந்தவர்களே. சாரா ஜான்சன் என்பவர் 1844-இல் அங்கே அடிமையாகப் பிறந்தவர். விடுதலைக்குப் பிறகு சங்கத்தின் பணியாளராகி, வருகை தந்தோருக்குப் பால் விற்றும் கட்டிடங்களைத் துப்புரவாக வைத்தும் பல ஆண்டுகள் உழைத்தார். எட்மண்ட் பார்க்கர் என்பவர் வாஷிங்டனின் கல்லறைக்குக் காவலராக நின்று பயணிகளுக்கு விளக்கம் சொன்னார். அதாவது, பாதுகாப்பின் முதல் தலைமுறையில் துடைப்பமும் சாவியும் இவர்கள் கையில்தான் இருந்தன. எனினும் அவர்கள் அங்கே வாழ்ந்த வாழ்க்கை பாதுகாக்கப்பட வேண்டிய ஒன்றாக அக்காலத்தில் எண்ணப்படவில்லை. பழைய நாட்களின் சாட்சிகளாக அவர்களைப் பார்த்து மகிழ்ந்த பயணிகள், அவர்கள் படுத்துறங்கிய அறைகளைப் பற்றிக் கேட்கவில்லை.

ஆன் பமேலா கன்னிங்ஹாம் 1874-இல் விடைபெற்றபோது, இந்தப் பெரிய நாட்டில் ஓரிடமாவது மாற்றத்திலிருந்து காப்பாற்றப்படட்டும் என்று சங்கத்துக்கு வேண்டுகோள் விடுத்தார். அந்த வாசகத்தை இன்றும் பெருமையோடு நினைவுகூர்கிறார்கள். ஆனால் மாற்றத்திலிருந்து காப்பது என்றால் எந்த நாளில் நிறுத்துவது? சங்கம் தேர்ந்துகொண்டது 1799. வாஷிங்டன் கண்மூடிய ஆண்டு. அவர் பார்த்த நிலையில் அந்த இடம் இருக்க வேண்டும் என்பதால், பின்வந்த உரிமையாளர்கள் சேர்த்தவை ஒவ்வொன்றாக அகற்றப்பட்டன. மாளிகையைப் பொறுத்தவரை இது நியாயமாகத் தோன்றலாம். துணைக் கட்டிடங்களைப் பொறுத்தவரை அதற்கு ஒரு விலை இருந்தது. 1802-இல் உரிமை ஏற்ற புஷ்ராட் வாஷிங்டன் காலத்திலிருந்து 1860 வரை, அந்தப் பண்ணையில் அடிமைமுறை தொடர்ந்து நடந்தது. தம் பெரியப்பாவான ஜார்ஜ் வாஷிங்டன் தம்முடைய அடிமைகளை உயில்வழி விடுவித்ததைப் போல உச்சநீதிமன்ற நீதிபதியான புஷ்ராட் செய்யவில்லை. 1821-இல் 54 பேரை லூயிசியானாவுக்கு விற்றார். அந்தத் தலைமுறையினர் எங்கே சமைத்தார்கள், எந்தக் கட்டிடத்தில் உறங்கினார்கள் என்பதற்கான அடையாளங்கள், 1799 என்ற கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்துவிட்டதால் கவனம் பெறாமலே போயின. ஒரு நாளைத் தேர்ந்துகொண்டு அதற்குப் பிறகானதை எல்லாம் அழுக்கு என்று துடைக்கும் இந்த முறை, கட்டிடக்கலை பயின்றவர்களுக்குப் பிடித்தமானது. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை.

இந்த முறை எப்படியெல்லாம் வேலை செய்தது என்பதைக் காண விரும்புகிறவர் வடசந்தின் கோடியில் உள்ள செடிவீட்டுக்குப் போக வேண்டும். வர்ஜீனியாவின் குளிர்காலத்தில் எலுமிச்சையும் ஆரஞ்சும் பிழைப்பதற்காக வாஷிங்டன் அதைக் கட்டினார். பால்டிமோரில் மார்கரெட் டில்க்மன் கேரல் வைத்திருந்த செடிவீட்டின் அளவுகளையும் அமைப்பையும் 1784-இல் கடிதம் எழுதிக் கேட்டு வாங்கினார். தெற்கு நோக்கிய உயரமான சன்னல்கள் வெயிலை வாங்கும். பின்புறத்து அடுப்பில் மூட்டிய தீயின் சூடான புகை தரைக்கடியில் ஓடும் கால்வாய்கள் வழியே சென்று கூடத்தைக் கதகதப்பாக வைத்திருக்கும். 1790-களின் தொடக்கத்தில், அதன் இருபுறமும் சிறகுகள் போல நீண்ட செங்கல் கட்டிடங்கள் சேர்க்கப்பட்டன. அவை அடிமைகளின் குடியிருப்புகள். தோட்டத்துப் பக்கம் நின்று பார்த்தால், செடிவீட்டின் அழகுக்கு ஏற்ற சமச்சீரான சுவர்கள். மறுபக்கம் போனால், நான்கு பெரிய அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கணப்பு, சுவரோரம் அடுக்குப் படுக்கைகள். செடிகளுக்குக் கிடைத்த வெப்பத்துக்கும் மனிதர்களுக்குக் கிடைத்த வெப்பத்துக்கும் இடையே ஒரு சுவர்தான்.

1835 டிசம்பரில் ஓர் இரவு இந்தக் கட்டிடம் முழுவதும் எரிந்துபோனது. அதன் பிறகு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, பழைய உருவில் அது இல்லை. 1950-களின் தொடக்கத்தில் சங்கம் அதை மீண்டும் கட்ட முடிவெடுத்தபோது, கையில் இருந்த சான்றுகளில் முக்கியமானது 1803-இல் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக வரையப்பட்ட படம். தீக்காப்பீட்டுக்காகக் கட்டிடங்களின் அளவையும் பொருளையும் குறித்து வைத்த அந்தத் தாளும், தோண்டியெடுத்த அடித்தளங்களும்தான் புதிய கட்டிடத்துக்கு வழிகாட்டின. செங்கற்கள் எங்கிருந்து வந்தன என்பது இன்னொரு சுவையான செய்தி. அதே ஆண்டுகளில் அன்றைய அதிபர் ட்ரூமனின் ஆணைப்படி வெள்ளை மாளிகையின் உட்புறத்தைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே கழித்த பழைய செங்கற்கள் மவுண்ட் வெர்னனுக்கு வந்து சேர்ந்தன. ஆகவே இன்று செடிவீட்டின் சுவரில் நாம் தொடுவது பழைய செங்கல்தான். ஆனால் அந்தப் பழமை வேறொரு வீட்டுக்குச் சொந்தமானது.

1951-இல் இந்தக் கட்டிடம் முடிந்தபோது, அதைக் கட்டியவர்களுக்கு முதன்மையாக இருந்தது செடிவீடும் அதன் முன்னிருந்த பூந்தோட்டமும்தான் என்று நான் கருதுகிறேன். சிறகுகள் இல்லாமல் செடிவீடு முழுமையாகத் தோன்றாது என்பதாலேயே அடிமைக் குடியிருப்புகளும் கூடவே எழுந்தன. வெளிச்சுவருக்காகக் கட்டப்பட்டவை என்பதால், அவற்றின் உள்ளே யார் இருந்தார்கள் என்ற கேள்வி பின்னால்தான் வந்தது. 1960-களில் ஓர் அறையைக் குடியிருப்பாக அமைத்துக் காட்டத் தொடங்கினார்கள். பழைய ஏற்பாடுகள் மிகையாகத் துப்புரவாகவும் ஒழுங்காகவும் இருந்ததை உணர்ந்து, பின்னர் வந்த ஆய்வாளர்கள் படுக்கைகளின் நெருக்கத்தையும் துணிமணிகளின் குறைவையும் குழந்தைகளின் இருப்பையும் காட்டும் வகையில் அதை மாற்றினார்கள். ஒரே நான்கு சுவர்களுக்குள் நடந்த இந்த மாற்றங்களை வரிசைப்படுத்தினாலே, அமெரிக்கா தன் கடந்த காலத்தைப் பற்றிப் பேசிய விதம் தெரிந்துவிடும்.

இந்தச் சிறகுகளுக்கு முன்பே அடிமைகளுக்கான ஒரு பெரிய வீடு வடசந்துப் பக்கம் இருந்தது. குடும்பங்களின் வீடு என்று அக்கால ஆவணங்கள் அதைக் குறிப்பிடுகின்றன. எட்வர்ட் சாவேஜ் வரைந்ததாகக் கருதப்படும் பண்ணை ஓவியம் ஒன்றில் அது இடம்பெற்றிருக்கிறது. செடிவீட்டுச் சிறகுகள் தயாரானதும் 1790-களின் தொடக்கத்தில் அது இடிக்கப்பட்டது. 1980-களில் அந்த இடத்தைத் தோண்டியபோது, செங்கல் பாவிய ஒரு சிறு நிலவறை வெளிப்பட்டது. உணவுப்பொருள் வைப்பதற்காகத் தோண்டிய அந்தக் குழியில், பயன் தீர்ந்த பிறகு குப்பை கொட்டியிருந்தார்கள். தொல்லியலாளருக்கு அதைவிடப் பெரிய புதையல் இல்லை.

அந்தக் குப்பையில் கிடைத்தவற்றை ஒரு பட்டியலாகச் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. ஏனென்றால் வாஷிங்டனின் கணக்குப் புத்தகங்கள் சொல்லாத ஒன்றை அவை சொல்கின்றன. கணக்குப் புத்தகப்படி அடிமைகளுக்கு வாராவாரம் அளந்து கொடுத்தது சோளமாவும் உப்பிட்ட மீனும். ஆனால் நிலவறையில் காட்டு விலங்குகள், பறவைகள், ஆற்று மீன்கள் ஆகியவற்றின் எலும்புகளும், ஈயக் குண்டுகளும், துப்பாக்கியின் சிக்கிமுக்கிக் கல்லும் இருந்தன. அடிமைகளில் சிலருக்கு வேட்டைக்காகத் துப்பாக்கி வைத்திருக்க அனுமதி இருந்தது என்பது ஆவணங்களிலும் உண்டு. ஆனால் வேட்டையாடிய இறைச்சி எசமானரின் மேசைக்கு மட்டும் போகவில்லை, அவர்களின் சட்டிக்கும் வந்தது என்பதை எலும்புகள்தான் உறுதிப்படுத்தின. உடைந்த வெண்ணிற மங்குப் பாத்திரங்களும் சீனப் பீங்கான் துண்டுகளும் களிமண் புகைக்குழாய்களும் பொத்தான்களும் மணிகளும் அங்கே கிடைத்தன. ரக்கூன் என்னும் விலங்கின் எலும்பு ஒன்றில், கோத்துத் தொங்கவிடுவதற்கு ஏற்றாற்போலக் கீறல் போட்டிருந்தார்கள்; தாயத்தாகவோ அணிகலனாகவோ யாரோ அதை அணிந்திருக்க வேண்டும். மேலே ஒரு பலகைகூட மிஞ்சாத கட்டிடம், மிஞ்சி நிற்கும் பல கட்டிடங்களைவிட அதிகம் பேசுகிறது. சமையற்கூடத்துக்கு அருகே, மாளிகையின் குப்பை கொட்டிய மேட்டையும் 1990-களின் முதல் பாதியில் தோண்டினார்கள். அங்கே கிடைத்த மேசைப் பாத்திரங்களையும் நிலவறைத் துண்டுகளையும் அருகருகே வைத்து ஒப்பிட முடிந்தது. மாளிகையில் நாகரிகம் மாறிக் கழித்த பாத்திரங்களில் சில குடியிருப்புகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்ற கருத்து அந்த ஒப்பீட்டிலிருந்து வலுப்பெற்றது.

தோண்டுதல் நிரந்தரமான துறையாக அமைந்த பிறகு, சங்கத்தின் ஆர்வம் இன்னொரு பக்கமும் திரும்பியது. அதுவரை படைத்தலைவராகவும் அதிபராகவும் காட்டப்பட்ட வாஷிங்டன், இப்போது சோதனைகள் செய்த உழவராகத் தோன்றத் தொடங்கினார். புகையிலை நிலத்தைச் சத்திழக்கச் செய்துவிட்டது என்று கண்டு 1760-களிலேயே கோதுமைக்கு மாறியவர் அவர்; எதைத் தொட்டாலும் எருவாக மாற்றத் தெரிந்த ஒரு பண்ணைக்காரர் தமக்கு வேண்டும் என்று 1785-இல் நண்பருக்கு எழுதியவர். லாயத்துக்கு அருகே 1787-இல் அவர் ஓர் எருச்சாலையே கட்டினார். கூழாங்கல் பாவிய தரை, பக்கம் திறந்த மரச்சட்டம், மேலே கூரை. மழையில் சத்து கரைந்து ஓடிவிடாமல் சாணமும் குப்பையும் மக்குவதற்கான ஏற்பாடு. அதன் தரை மண்ணுக்கடியில் பிழைத்திருந்தது. 1990-களில் முழுமையாக ஆராய்ந்து, 2001-இல் அந்தத் தரையின்மேலேயே சட்டத்தையும் கூரையையும் எழுப்பினார்கள். ஒரு நாட்டின் முதல் அதிபருடைய எருக்குழியைத் தேடிக் கண்டுபிடித்துத் திரும்பக் கட்டியவர்கள் மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு.

வாஷிங்டனின் ஐந்து பண்ணைகளில் ஒன்றான டோக் ரன் பண்ணையில் நின்ற பதினாறு பக்கக் களஞ்சியமும் இந்தக் கட்டத்தில்தான் உயிர்பெற்றது. 1792-இல் வாஷிங்டன் தம் கையாலேயே அதற்கு வரைபடம் போட்டு, எத்தனை செங்கல், எத்தனை பலகை என்று கணக்கிட்டார். 1795-இல் வேலை முடிந்தது. நம் ஊரில் களத்தில் மாடுகளைப் பிணைத்து வைக்கோலை மிதிக்கவிட்டு நெல்லைப் பிரிப்பதைப் போலவே, இங்கே மேல்தளத்தில் குதிரைகளை வட்டமாக ஓடவிட்டுக் கோதுமைக் கதிரை மிதிக்க வைத்தார்கள்; பலகைகளுக்கு இடையே விட்ட சிறு இடைவெளிகள் வழியாகத் தானியம் மட்டும் கீழ்த்தளத்தில் விழும். மழை, சேறு, திருட்டு மூன்றுக்கும் ஒரே கட்டிடத்தில் பதில் சொல்ல நினைத்த அறிவு அது. 19-ஆம் நூற்றாண்டில் அந்தக் களஞ்சியம் மறைந்துவிட்டது. அது விழுவதற்கு முன் எடுத்த ஒளிப்படமும் வாஷிங்டனின் வரைபடமும் கிடைத்ததால், 1996-இல் அதைத் திரும்பக் கட்ட முடிந்தது. ஆனால் கட்டியது பழைய இடத்தில் அல்ல. டோக் ரன் நிலம் எப்போதோ கைமாறிவிட்டது. ஆற்றங்கரையில், பார்வையாளர்களுக்காக உருவாக்கிய மாதிரிப் பண்ணையில்தான் இன்றைய களஞ்சியம் நிற்கிறது. வடிவம் உண்மை, இடம் உண்மையல்ல.

மாவு ஆலையையும் வடிசாலையையும் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மாளிகையிலிருந்து ஏறத்தாழ 3 மைல் தள்ளி, ஓடையோரம் நின்ற ஆலையை 1930-களில் வர்ஜீனியா மாநிலம் திரும்பக் கட்டியது. உள்ளே வைத்த சக்கரங்களும் பொறிகளும் வேறொரு பழைய ஆலையிலிருந்து வந்தவை. அதையடுத்த வடிசாலை, ஸ்காட்லாந்திலிருந்து வந்த பண்ணை மேலாளர் ஜேம்ஸ் ஆண்டர்சனின் தூண்டுதலால் 1797-இல் தொடங்கி, ஐந்து செப்புக் கொதிகலன்களோடு 1799-இல் ஏறத்தாழ 11,000 காலன் விஸ்கி வடித்து, அந்தக் காலத்தில் நாட்டின் பெரிய வடிசாலைகளில் ஒன்றாக இருந்தது. அங்கே உழைத்த ஹான்சன், பீட்டர், நாட், டேனியல், ஜேம்ஸ், டிமதி ஆகிய ஆறு பேரும் அடிமைகள். 1814-இல் அது எரிந்தது. 2007-இல் திரும்பத் திறக்கப்பட்டதற்கு மதுத் தொழில் சங்கத்தின் பணம் பெரும் துணையாக இருந்தது. இன்று அங்கே வடிக்கும் விஸ்கி கடையில் விற்பனைக்கும் இருக்கிறது. பணம் கொடுப்பவர் கிடைக்கும் கட்டிடம் முன்னால் எழுகிறது, கிடைக்காதது காத்திருக்கிறது. அரசு நிதி இல்லாமல் நுழைவுக் கட்டணத்தாலும் நன்கொடையாலும் நடக்கும் ஒரு நிறுவனத்தை இதற்காகக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் வரிசையைக் கவனிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

அதே 2007-இல்தான் மாதிரிப் பண்ணையில் ஓர் அடிமைக் குடிசையும் கட்டப்பட்டது. மரத்துண்டுகளை அடுக்கி, இடுக்குகளில் மண் பூசி, ஒரே அறையில் ஒரு குடும்பம் வாழ்ந்த குடிசை. இத்தகைய குடிசைகளை 1798-இல் நேரில் பார்த்த போலந்துக்காரரான யூலியன் நியெம்செவிச், அவற்றை வீடு என்று சொல்ல முடியாது என்றும், தம் நாட்டு உழவரின் மிக மோசமான குடிலைவிட அவை மோசமானவை என்றும் எழுதி வைத்தார். செங்கல் சிறகுகளைப் பார்த்துவிட்டு, அடிமைகள் நல்ல கட்டிடத்தில்தான் இருந்தார்கள் போலும் என்று எண்ணிக்கொண்டு திரும்புகிறவர்களுக்கு இந்தக் குடிசை தேவையான திருத்தம். 317 பேரில் பெரும்பாலோர் வெளிப்பண்ணைகளில் இப்படிப்பட்ட குடிசைகளில்தான் வாழ்ந்தார்கள்.

மூன்றாம் அதிபர் தாமஸ் ஜெபர்சனின் பண்ணை மாளிகையான மான்டிசெல்லோவை இங்கே ஒப்பிடாமல் விட முடியாது. அங்கே மல்பெரி வரிசை என்னும் தெருவில் இருந்த பட்டறைகளும் குடிசைகளும் பெரும்பாலும் அழிந்துவிட்டன. 1796-இல் எடுத்த தீக்காப்பீட்டுப் படம்தான் அங்கேயும் துணை. நெடுங்காலம் அந்தத் தெரு, வருவோர் தோட்டத்துக்குப் போகும் நடைபாதையாக மட்டுமே இருந்தது. மாளிகையின் தென்சிறகில், ஜெபர்சனின் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸ் தங்கியிருந்ததாகக் கருதப்படும் பகுதியை 1941-இல் பார்வையாளர்களுக்கான கழிப்பறையாக மாற்றினார்கள்; அதை அகற்றி ஆராய்ந்து, 2018-இல் அவருடைய வாழ்வைச் சொல்லும் இடமாகத் திறந்தார்கள். மவுண்ட் வெர்னனில் கட்டிடங்கள் மிஞ்சி, மனிதர்கள் மறக்கப்பட்டார்கள். மான்டிசெல்லோவில் கட்டிடங்களும் சேர்ந்தே போயின. திரும்பக் கட்டுவதில் மான்டிசெல்லோ காட்டும் தயக்கம் எனக்குப் பிடிக்கும்: சான்று போதாத இடத்தில் சுவர் எழுப்பாமல், கட்டிடத்தின் அளவைத் தரையில் குறித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். மவுண்ட் வெர்னனிலும் குடும்பங்களின் வீட்டைத் திரும்ப எழுப்பாமல் விட்டிருப்பது நல்லதென்றே நினைக்கிறேன். எழுப்பியிருந்தால் மக்கள் சுவரைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். நிலவறைக் குப்பை அருங்காட்சியகத்தின் ஒரு மூலைக்குப் போயிருக்கும்.

திரும்பக் கட்டிய ஒவ்வொன்றும் ஒரு வாதம் என்பதை மறந்துவிடக் கூடாது. பழைய மரக் கட்டிடம் என்று நாம் சொல்கிற புகைக்கூடத்திலும் கூரை ஓடுகளும் வெளிப்பலகைகளும் பலமுறை மாற்றப்பட்டவைதான். அங்கே சட்டமும் இடமும் தொடர்ச்சியும்தான் பழையவை. செடிவீட்டில் இடம் பழையது, சுவர் புதியது, செங்கல் இன்னொரு கட்டிடத்தது. களஞ்சியத்தில் வரைபடம் மட்டுமே பழையது. இந்த வேறுபாடுகளைப் பலகைகளில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் நடந்துபோகிறவர் கண்ணுக்கு எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே சிவப்புக் கூரை. பூச்சின் நிறத்திலோ மரத்தின் முடிப்பிலோ சிறு வேறுபாடு காட்டி, எது மிஞ்சியது, எது திரும்ப வந்தது என்று பார்த்த உடனே தெரியும்படி செய்திருக்கலாம் என்பது என் நீண்ட நாள் குறை.

இன்னும் பேசப்படாத துணைக் கட்டிடங்கள் சங்கத்தின் வேலிக்கு வெளியே இருக்கின்றன. மட்டி ஹோல், டோக் ரன், யூனியன், ரிவர் ஆகிய நான்கு வெளிப்பண்ணைகளிலும் குடிசைகளும் களஞ்சியங்களும் கண்காணி வீடுகளும் இருந்தன. 20-ஆம் நூற்றாண்டில் அந்த நிலங்களின் பெரும்பகுதி மனைகளாகப் பிரிந்து, புறநகர் வீடுகளாகவும் சாலைகளாகவும் மாறிவிட்டது. அங்கே குடியிருக்கும் பலருக்குத் தங்கள் கொல்லைப்புறம் எந்தப் பண்ணையைச் சேர்ந்தது என்பதே தெரியாது. ரிவர் பண்ணையின் ஒரு பகுதி மட்டும் 1970-களிலிருந்து அமெரிக்கத் தோட்டக்கலைக் கழகத்தின் கையில் திறந்தவெளியாக இருக்கிறது. 2020-இல் கழகம் அதை விற்கப்போவதாக அறிவித்தது. அக்கம்பக்கத்தவரும் உள்ளாட்சியும் எதிர்த்ததால் அடுத்த ஆண்டு முடிவைக் கைவிட்டது. அந்த வாதங்களில் தோட்டத்தையும் ஆற்றுக் காட்சியையும் பற்றிப் பேசியவர்கள் பலர். அந்த மண்ணில் அடிமைகளின் குடிசைகள் எங்கே நின்றன, அவற்றின் நிலவறைகளில் என்ன இருக்கலாம் என்பதையும் நிலத்தின் மதிப்போடு சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று மாவட்டத் திட்ட அலுவலகம் விதி செய்யலாம். தோண்டுவதற்கு முன் ஆராய வேண்டும் என்ற ஒரு வரி போதும்.